ஃபெரிட்டின் மட்டும் போதாது: அப்பாவின் ஊசிக்காக ஏழு வாரங்கள்

அப்பாவுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ் நடக்கிறது. தைப்பூசத்துக்குச் சற்று முன்பு ஹீமோகுளோபின் 7.8க்கு இறங்கியபோது, மருத்துவர் சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொயட்டின் ஊசியையும் இரத்தநாளத்தில் ஏற்றும் இரும்பு மருந்தையும் எழுதிக் கொடுத்தார். மெடிக்கல் எய்ட் எனப்படும் எங்கள் மருத்துவக் காப்பீட்டின் அனுமதி ஒரு வாரத்தில் கிடைக்கும் என்று நம்பியிருந்தேன்; ஏழு வாரங்கள் ஆயின.

முதல் மறுப்புக்குக் காரணம் படிவத்திலேயே இருந்தது. அதை நிரப்பிய எழுத்தர், காரணம் குறிப்பிடப்படாத சோகைக்குரிய டி64.9 என்ற குறியீட்டை மட்டும் எழுதியிருந்தார். ஐந்தாம் நிலைச் சிறுநீரக நோயைக் குறிக்கும் என்18.5 எங்குமே இல்லை. தென்னாப்பிரிக்காவில் எல்லா மெடிக்கல் எய்ட்களும் கட்டாயமாக ஏற்க வேண்டிய நாட்பட்ட நோய்களின் பட்டியலில் சிறுநீரக நோயும் இருக்கிறது; ஆனால் படிவத்தில் அந்த நோயே இல்லாதபோது பட்டியல் எப்படி உதவும்? கையெழுத்திடுமுன் குறியீடுகளை நீங்களே படித்துப் பாருங்கள்.

இரண்டாவது மறுப்பை நினைத்தால் இன்றும் மனம் கொதிக்கிறது. உடலில் இரும்பைச் சேமித்துவைக்கும் புரதமான ஃபெரிட்டின் 640 இருப்பதால் இரும்பு தேவையில்லை என்று எழுதியிருந்தார்கள். நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கும் அப்பாவைச் சாட்ஸ்வொர்த்திலிருந்து டர்பன் நகருக்குள் மெடிக்கல் எய்ட் அலுவலகத்துக்கு அழைத்துச் சென்று இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். முகப்பிலிருந்த பெண்மணி, நாங்கள் கொண்டுபோன தாள்களைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் அதே காரணத்தைச் சொல்லி அனுப்பிவிட்டார்.

டயாலிசிஸ் பிரிவின் சிஸ்டர்தான் எனக்குப் புரியவைத்தார். ஃபெரிட்டின் இரும்பின் கையிருப்பை மட்டும் காட்டுவதில்லை. உடலில் அழற்சி இருந்தாலும் அது உயரும். சிறுநீரகம் செயலிழந்தவர்களிடம் ஆக்சிஜனேற்ற அழுத்தமும் (செல்களைச் சிதைக்கும் வினைகள் மிகுவது) அழற்சியும் ஒன்றையொன்று வளர்க்கின்றன. அழற்சியால், இரும்பின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் கூடும்போது, இருக்கிற இரும்பும் எலும்பு மச்சைக்குப் போய்ச் சேராமல் கிடங்கிலேயே தங்கிவிடுகிறது. 120 நாள் வாழ வேண்டிய சிவப்பணுக்களும் சவ்வு சிதைந்து முன்னதாகவே அழிகின்றன. எனவே டிரான்ஸ்ஃபெரின் செறிவையும், அதாவது இரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதையும், பார்க்க வேண்டும், 20 விழுக்காட்டுக்குக் கீழே போனால் இரும்பு போதவில்லை என்று பொருள் என்றார். எங்கள் பரிசோதனைத் தாளில் அந்தச் சோதனை குறிக்கப்படவே இல்லை. எடுத்துப் பார்த்தோம்: 14.

இடைப்பட்ட வாரங்களில் உறவினர்கள் அன்போடு மாதுளைச் சாறும், ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் என்று வைட்டமின் சி மாத்திரைகளும் கொண்டுவந்தார்கள். இரண்டையும் சிஸ்டர் நிறுத்தச் சொன்னார்: சாற்றில் பொட்டாசியம் அதிகம், வைட்டமின் சி அளவு மீறினால் வெளியேற வழியின்றி ஆக்சலேட் என்ற உப்பாக உடலில் படியும். இரத்தம் ஏற்றுவதையும் மருத்துவர் தவிர்க்கவே பார்த்தார், ஏனெனில் அதனால் உண்டாகும் எதிர்ப்பொருள்கள் பின்னாளில் மாற்றுச் சிறுநீரகம் பொருந்துவதைக் கடினமாக்கும்.

திருத்திய படிவத்தோடு 14 என்ற முடிவையும் இணைத்து அனுப்பிய மூன்றாம் நாள் அனுமதி வந்தது. ஊசி மருந்தை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், உறையவும் விடக்கூடாது என்பதால், மின்தடைக்கு அஞ்சி வீட்டில் வைக்காமல் டயாலிசிஸ் பிரிவிலேயே ஒப்படைத்துவிட்டோம். நான்காம் வாரச் சோதனையில் ஹீமோகுளோபின் 9.3. அனுமதி ஆறு மாதத்துக்குத்தான். அடுத்த பரிசோதனைத் தாளில் இரண்டு சோதனைகளும் குறிக்கப்பட்டிருப்பதை நேற்றே பார்த்துவிட்டேன்.