அடுத்த கட்டிலின் குறைகள்

ஜூன் 3, செவ்வாய்

என் அறைத்தோழி இங்கு வந்து இன்றோடு ஐந்து மாதங்கள் நிறைகின்றன. காலையில் கண் விழித்ததும் அவள் சொன்ன முதல் வாக்கியம், தலையணை கழுத்தை ஒடிக்கிறது என்பது. இரவில் கடைசியாகச் சொன்னது, விளக்கின் சுவிட்ச் கட்டிலுக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது என்பது. இடைப்பட்ட நேரத்தில் வெயில், மாடிப்படி, மேலதிகாரி, மேல்வீட்டார் இழுக்கும் நாற்காலி, அறுந்துபோகவிருக்கும் செருப்பு வார் என எதுவும் தப்பவில்லை. அவள் கெட்டவள் அல்லள் என்பதையும் இங்கேயே எழுதிவிட வேண்டும். வாடகைப் பங்கை ஒருமுறையும் தாமதித்ததில்லை. எனக்குக் காய்ச்சல் கண்டபோது விடிய விடிய நெற்றியில் ஈரத்துணி மாற்றினாள். அந்தத் துணி தண்ணீரைச் சரியாக உறிஞ்சவில்லை என்று சொல்லிக்கொண்டேதான் மாற்றினாள்.

ஜூன் 5, வியாழன்

வெளிச்சம் கண்ணில் குத்துகிறது என்று அவள் பத்து நாள் சொன்ன பிறகு, நேற்றுத் தடித்த திரைச்சீலை வாங்கி மாட்டினேன். இன்று காலை, இருட்டாக இருப்பதால் நேரத்துக்கு எழ முடியவில்லை என்றாள். கோபம் வந்தது, அதைக் காட்டாமல் பல் துலக்கப் போனேன். ஐந்து மாதமாக நான் செய்துவருவது இதைத்தான்: அவள் ஒன்றைச் சொல்வாள், நான் ஓடிப்போய்ச் சரிசெய்வேன், சரிசெய்த இடத்திலிருந்தே அடுத்தது முளைக்கும். அவள் சொல்வது ஒவ்வொன்றும் என் காதில் ஓர் ஏவலாகவே விழுகிறது. இரவானால் எனக்கு உண்டாகும் அயர்ச்சிக்கு அவள் பேச்சைவிட, பேசாமலே நான் ஏற்றுக்கொண்ட இந்த வேலைக்காரத்தனம் காரணமாக இருக்கலாம்.

ஜூன் 9, திங்கள்

அவள் சொல்லும் குறைகளை இன்று எண்ணிப் பார்த்தேன். அலுவலகத்தில் இருவரும் கழித்த நேரம் போக, மொத்தம் 31. ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தில் மூன்று கட்டம் போட்டுப் பிரித்தேன். நான் மாற்றக்கூடியவை 4, யாராலும் மாற்ற முடியாதவை 22, என்னைப் பற்றியவை 5. கடைசிக் கட்டத்தில் உள்ளவை: கதவை ஓசையுடன் சாத்துகிறேன், ஈரத்துண்டை நாற்காலியில் போடுகிறேன், கைபேசியில் உரக்கப் பேசுகிறேன், துடைப்பத்தைத் தலைகீழாக வைக்கிறேன், பெருமூச்சு விடுகிறேன். ஐந்தாவதற்கு யார் காரணம் என்று கேட்கத் தோன்றியது.

ஜூன் 10, செவ்வாய்

27. எண்ணத் தொடங்கிய பின் முன்னைவிடக் கூர்மையாகக் கேட்கிறது. இது நல்லதற்கா என்று தெரியவில்லை.

ஜூன் 14, சனி

கைகழுவும் தொட்டியின் குழாய் சொட்டுகிறது என்று அவள் மூன்று வாரமாகச் சொல்லிவருகிறாள். அதை 'யாராலும் மாற்ற முடியாதவை' கட்டத்தில் போட்டிருந்தேன். உண்மையில் 'கேட்காமல் விட்டுவிடலாம்' என்று ஒரு கட்டம் இருந்திருந்தால் அதில்தான் போட்டிருப்பேன். நேற்று இரவு, அவள் மிகைப்படுத்துகிறாள் என்று நிறுவிவிடும் எண்ணத்தோடு குழாயடியில் ஒரு வாளியை வைத்து, கடிகாரத்தைப் பார்த்துத் துளிகளை எண்ணினேன். நிமிடத்திற்கு 52. எட்டு மணி நேரத்திற்கு 24,960 துளிகள் ஆகின்றன. காலையில் வாளியில் ஆறு லிட்டருக்கும் சற்று மேலாகத் தண்ணீர் நின்றது. நான் செய்தித்தாள் கிழிந்திருப்பதோடும் மேகமூட்டத்தோடும் சேர்த்துக் கணக்கெழுதிய ஒரு பேச்சுக்குப் பின்னால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ பத்தொன்பது லிட்டர் தண்ணீர் போய்க்கொண்டிருந்திருக்கிறது. எந்நேரமும் குறை சொல்பவரோடு வாழ்வதில் உள்ள உண்மையான இடர் இதுதான் என்று நினைக்கிறேன்: எரிச்சலையாவது பொறுத்துக்கொள்ளலாம், ஆனால் காது மூடிக்கொண்டுவிட்டால் உள்ளதைச் சொல்லும்போதும் அது திறப்பதில்லை.

வீட்டு உரிமையாளருக்குத் தகவல் சொல்லியாயிற்று.

ஜூன் 18, புதன்

வேறெதற்கோ அகராதியைப் புரட்டியபோது 'குறை' கண்ணில் பட்டது. இல்லாமை என்ற பொருளோடு, வேண்டுகோள் என்ற பொருளும் அதற்கு உண்டு. குறையிரத்தல் என்று அக இலக்கியத்தில் தலைவன் தோழியிடம் கெஞ்சி நிற்பதைச் சொல்வார்கள். அந்தப் பக்கத்தோடு மூடியிருக்கலாம். 'புலம்பு' என்ற சொல்லையும் தேடினேன். தொல்காப்பிய உரியியலில் 'புலம்பே தனிமை' என்று இருக்கிறது. நாம் இன்று வாய் ஓயாத பேச்சுக்கு வைத்திருக்கும் சொல்லுக்குப் பழந்தமிழில் ஆளின்மை என்று பொருள்.

நோட்டுப் புத்தகத்தின் மூன்று கட்டங்களையும் அடித்துவிட்டு இரண்டாக்கினேன்: குறை, புலம்பல். குழாய் முதலாவதில் போயிற்று. மேலதிகாரி இரண்டாவதில். திரைச்சீலையை எதில் போடுவதென்று வெகுநேரம் யோசித்தேன். அவள் என்னிடம் திரை கேட்டதே இல்லை. வெளிச்சம் குத்துகிறது என்று மட்டுமே சொன்னாள்.

ஜூன் 21, சனி

இன்று மாலை மேல்வீட்டு நாற்காலியைப் பற்றி அவள் தொடங்க, நானும் சேர்ந்துகொண்டேன். அங்கிருந்து படிக்கட்டு விளக்குக்கும், அங்கிருந்து என் அலுவலகத்துக்கும் போய், ஒன்றரை மணி நேரம் இருவரும் மாறி மாறித் தீர்த்துக்கட்டினோம். இந்த ஐந்து மாதத்தில் நாங்கள் இவ்வளவு நெருக்கமாக இருந்ததில்லை. படுத்த பிறகு தூக்கம் வரவில்லை, நெஞ்சு கனத்தது. அமாண்டா ரோஸ் என்ற உளவியலாளர் பள்ளி மாணவர்களிடையே செய்து 2002-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று நினைவுக்கு வந்தது. தோழமையில் ஒரே தொல்லையைத் திரும்பத் திரும்பச் சேர்ந்து அலசுவது நட்பின் நெருக்கத்தோடும், கூடவே மனச்சோர்வோடும் பதற்றத்தோடும் தொடர்புடையதாக இருந்ததை அவர் கண்டார். ஆக, ஓடிச் சரிசெய்வதும் எனக்கு உதவவில்லை, உடன் பாடுவதும் உதவவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

அவள் மேலதிகாரியைப் பற்றித் தொடங்கியதும், "இது நான் ஏதாவது செய்ய வேண்டியதா, கேட்டுக்கொண்டிருந்தால் போதுமா?" என்று கேட்டேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. மனு வாங்கும் அதிகாரி மாதிரிப் பேசுகிறீர்களே, அக்கா, என்றாள். அவள் சொன்னதில் தவறில்லை. அந்தக் கேள்வியை மனத்துக்குள் கேட்டுக்கொள்வதோடு நின்றிருக்க வேண்டும். பிறகு வெறுமனே அருகில் உட்கார்ந்து துணி மடித்தேன். பன்னிரண்டு நிமிடத்தில் அவளாகவே வேறு பேச்சுக்குப் போய்விட்டாள். நான் மறுமொழி சொல்லும் நாள்களில் இது முடிய முக்கால் மணி நேரம் ஆகும்.

ஜூன் 27, வெள்ளி

நோட்டுப் புத்தகம் அவள் கையில் அகப்பட்டுவிட்டது. மேசை மேல் விட்டுச் சென்றது என் பிழை. நான் வந்தபோது அவள் முழுவதும் படித்து முடித்துக் கட்டிலில் அமர்ந்திருந்தாள். நான் மன்னிப்புக் கேட்க வாய் திறக்கும் முன், ஒன்பதாம் தேதிக் கணக்கில் குழாயை மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள், அதனால் அது 29 தான் என்றாள். எண்ணிப் பார்த்தேன், 29 தான். பிறகு வெகுநேரம் பேசவில்லை. விளக்கை அணைத்த பின், முந்தைய அறையில் தனியாக இருந்த ஓராண்டில் சுவரைப் பார்த்துத்தான் பேசினேன் என்றாள், குறை சொல்லும் குரலில் அல்லாமல்.

அகராதியில் பார்த்ததை அவளிடம் சொல்லலாமா என்று நினைத்தேன். சொல்லவில்லை.

ஜூலை 2, புதன்

குழாய்க்குப் புதிய வாஷர் மாட்டிவிட்டார்கள். இரவு பத்தரைக்கு அவள், "குழாய் நின்றதும் இந்தக் கடிகாரம் கேட்கிறது, அக்கா" என்றாள். ம் என்று மட்டும் சொன்னேன். அவள் தூங்கிவிட்டாள். பதினொன்றே முக்கால் வரை நான் அந்தக் கடிகாரத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். இத்தனை நாள் துளியோசை அதை மூடி வைத்திருந்திருக்கிறது. கடைசியில் எழுந்துபோய் மின்கலத்தைக் கழற்றி மேசை இழுப்பறைக்குள் வைத்தேன். எனக்காகத்தான்.

ஜூலை 3, வியாழன்

கடிகாரம் நின்றுபோயிருக்கிறது, இந்த வீட்டில் ஒரு பொருளாவது ஒழுங்காக இயங்குகிறதா என்று அவள் காலையில் கேட்டாள். இழுப்பறையைத் திறந்து மின்கலத்தை எடுத்துக் காட்டினேன். சிரிப்பு அடங்கவே நேரமாகிவிட்டது. இருவரும் பேருந்தைத் தவறவிட்டோம்.