அழுத்தக் கணக்கில் மதிப்பெண் நழுவும் இடம்

விசையும் அழுத்தமும் பாடத்தில் சூத்திரம் தெரியாமல் மதிப்பெண்ணை விடுபவர்கள் குறைவு. அழுத்தம் = விசை ÷ பரப்பு என்று கிட்டத்தட்ட எல்லோருமே சரியாக எழுதிவிடுகிறார்கள். சறுக்கல் அடுத்த வரியில்தான். எந்தப் பரப்பை எடுப்பது, அதை எந்த அலகில் போடுவது என்பதில் கை தடுமாறுகிறது. அதனால் இந்தப் பாடத்தைப் படிக்க உட்காரும்போது வரையறையை மனப்பாடம் செய்வதைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். "இந்த விசை எந்தப் பரப்பின் மேல் செயல்படுகிறது?" என்ற கேள்வியோடு தொடங்குங்கள்.

ஒரே ஒரு செங்கல்லை வைத்துக்கொண்டு பாதிப் பாடத்தைப் படித்துவிடலாம். நீளம் 20 செ.மீ, அகலம் 10 செ.மீ, உயரம் 5 செ.மீ, நிறை 2 கி.கி என்று வைத்துக்கொள்வோம். நிறையை அப்படியே விசையாகப் போடக்கூடாது. எடைதான் விசை: 2 × 10 = 20 நியூட்டன். (புவியீர்ப்பு முடுக்கம் 9.8 என்று வினாவில் கொடுத்திருந்தால் 19.6 நியூட்டன்.) இனி செங்கல் எந்தப் பக்கம் தரையில் படும்படி இருக்கிறது என்று பாருங்கள். பெரிய பக்கம் என்றால் 20 × 10 = 200 சதுர செ.மீ, அதாவது 0.02 சதுர மீட்டர். அழுத்தம் 20 ÷ 0.02 = 1000 பாஸ்கல் (ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை நியூட்டன் என்பதே பாஸ்கல்). பக்கவாட்டில் நிறுத்தினால் 100 சதுர செ.மீ, அழுத்தம் 2000 பாஸ்கல். செங்குத்தாக நிறுத்தினால் 50 சதுர செ.மீ, அழுத்தம் 4000 பாஸ்கல். மூன்று நிலையிலும் விசை அதே 20 நியூட்டன்தான். இந்த ஒரு வரியை விடையில் சேர்த்து எழுதுங்கள். விசைக்கும் அழுத்தத்துக்கும் உள்ள வேறுபாடு உங்களுக்குப் புரிந்திருக்கிறது என்பதை அதுதான் காட்டும்.

அலகு மாற்றத்தில் ஒரே தவறுதான் திரும்பத் திரும்ப வருகிறது. 1 மீட்டர் 100 செ.மீ என்பதால், 200 சதுர செ.மீட்டரை 100 ஆல் வகுத்து 2 சதுர மீட்டர் என்று எழுதிவிடுகிறார்கள். நீளம், அகலம் இரண்டுமே மாறுகின்றன என்பதால் 10,000 ஆல் வகுக்க வேண்டும். 2 சதுர மீட்டர் என்பது ஏறக்குறைய ஒரு கதவின் அளவு. செங்கல்லின் பக்கம் கதவளவு இருக்க முடியுமா என்று ஒரு நொடி யோசித்தாலே தவறு பிடிபட்டுவிடும். இன்னும் பாதுகாப்பான வழி, பெருக்குவதற்கு முன்பே 20 செ.மீட்டரை 0.2 மீட்டர் என்றும் 10 செ.மீட்டரை 0.1 மீட்டர் என்றும் மாற்றிக்கொள்வது. சதுர அலகை மாற்றும் தொல்லையே அப்புறம் இல்லை.

டிராயிங் பின்னை எடுத்துக்கொள்வோம். கட்டைவிரல் 20 நியூட்டன் விசையில் அழுத்துகிறது. தலைப்பகுதியின் பரப்பு 80 சதுர மி.மீ, நுனியின் பரப்பு 0.1 சதுர மி.மீ என்றால், விரலில் படும் அழுத்தம் 2,50,000 பாஸ்கல். பலகையில் படுவது 20 கோடி பாஸ்கல், 800 மடங்கு அதிகம். விசை இரு முனையிலும் ஒன்றேதான். "நுனியில் விசை அதிகம்" என்று எழுதினால் அந்த விடை தவறு. அகலமான பை வார், ஒட்டகத்தின் அகன்ற பாதம் போன்ற காரணம் கூறு வினாக்களிலும் இதே தவறுதான் நடக்கிறது. வாரை அகலமாக்கினால் பையின் எடை குறைந்துவிடாது. பரப்பு கூடுகிறது, எடை மாறவில்லை, அதனால் அழுத்தம் குறைகிறது என்று மூன்று கண்ணியாக எழுதுங்கள். நடுக் கண்ணியைத்தான் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள்.

திரவ அழுத்தத்தில் பரப்பின் இடத்துக்கு ஆழம் வந்துவிடுகிறது: ஆழம் × அடர்த்தி × புவியீர்ப்பு முடுக்கம். ஆழத்தை நீர்மட்டத்திலிருந்து கீழ்நோக்கி அளக்க வேண்டும். தொட்டியின் உயரம் 50 செ.மீ, நீர் 40 செ.மீ வரை நிற்கிறது, அடியிலிருந்து 10 செ.மீ உயரத்தில் உள்ள புள்ளியில் அழுத்தம் என்ன என்று கேட்டால், ஆழம் 30 செ.மீ. நீரின் அடர்த்தி 1000 கி.கி/கன மீட்டர் என்பதால் விடை 0.3 × 1000 × 10 = 3000 பாஸ்கல். 40-லிருந்து 10-ஐக் கழித்துத்தான் இந்த 30 வருகிறது; 50 என்ற எண் உங்களைத் திசைதிருப்பவே அங்கே இருக்கிறது.

ஆழம் கூடினால் அழுத்தம் கூடும் என்பதைக் காட்ட எல்லோரும் செய்யும் சோதனை, பாட்டிலில் மூன்று துளை போடுவது. கீழ்த்துளை நீர்தான் தொலைவில் விழும் என்று படம் சொல்லும். மேசையின் மேல் வைத்துச் செய்து பார்த்தால் அப்படி வராது! நீர் 20 செ.மீ உயரம் நிற்க, அடியிலிருந்து 5, 10, 15 செ.மீட்டரில் துளைகள் இருந்தால், மேசைமீது மிகத் தொலைவில் விழுவது நடுத்துளை நீர். மேல்துளையும் கீழ்த்துளையும் ஏறக்குறைய ஒரே இடத்தில் விழும். பாடத்தில் பிழை இல்லை. கீழ்த்துளை நீர் அதிக வேகத்தோடுதான் வெளியேறுகிறது, ஆனால் 5 செ.மீ உயரத்திலேயே மேசையைத் தொட்டுவிடுவதால் தொலைவு போக அதற்கு நேரம் கிடைப்பதில்லை. பாட்டிலை மேசை விளிம்பில், 40 செ.மீட்டராவது கீழே விழும்படி வைத்துப் பாருங்கள். கீழ்த்துளை நீர்தான் முந்தும். மூடி திறந்திருக்க வேண்டும். மூடியிருந்தால் மேல்துளை வழியாகக் காற்று உள்ளே நுழைந்து ஓட்டம் குழம்பிவிடும். துளைகள் ஒரே அளவில் இருக்கட்டும். நேர் கீழாக இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் தள்ளிப் போட்டால் நீர்த்தாரைகள் ஒன்றோடொன்று மோதாது. துளையிடும் வேலையைப் பெரியவர்களிடம் விட்டுவிடுங்கள்.

வளிமண்டல அழுத்தத்துக்கு நினைவில் வைக்க வேண்டியவை இரண்டே எண்கள்: 76 செ.மீ பாதரசம், 1,01,325 பாஸ்கல். முதலாவதிலிருந்து இரண்டாவதை நீங்களே வருவிக்கலாம்: 0.76 × 13,600 (பாதரசத்தின் அடர்த்தி) × 9.8 என்று பெருக்கினால் ஏறத்தாழ 1,01,300 வரும். கடல்மட்டத்தில் ஒரு சதுர மீட்டர் மேசைமேல் ஒரு லட்சம் நியூட்டனுக்கு மேல் விசை இறங்குகிறது. ஆனாலும் மேசை நொறுங்குவதில்லை, அடிப்பக்கத்திலிருந்தும் காற்று ஏறக்குறைய அதே அளவு மேல்நோக்கித் தள்ளுகிறது. உறிஞ்சுகுழலில் பானம் ஏறுவதை விளக்கும்போது "நாம் உறிஞ்சுவதால்" என்று நிறுத்திவிடாதீர்கள். வாய்க்குள் அழுத்தம் குறைகிறது, வெளிக்காற்றின் அழுத்தம் பானத்தை மேலே தள்ளுகிறது என்பதே முழு விடை.

உராய்வைப் படிக்கும்போது அதே செங்கல்லைத் திரும்ப எடுங்கள். சுருள்வில் தராசில் மாட்டி, பெரிய பக்கத்தில் கிடத்தியும் பக்கவாட்டில் நிறுத்தியும் ஒரே மேசைமேல் இழுத்துப் பாருங்கள். அழுத்தம் இரட்டிப்பாகியும் தராசின் அளவீடு ஏறக்குறைய அப்படியே இருக்கும். உராய்வு பரப்பின் தன்மையையும் செங்குத்து விசையையும் பொறுத்தது, தொடும் பரப்பின் அளவைப் பொறுத்ததல்ல. அளவீடு தாறுமாறாக வந்தால் இரண்டு காரணங்களைத் தேடுங்கள். ஒன்று, நூல் மேல்நோக்கிச் சாய்ந்து செங்கல்லைக் கொஞ்சம் தூக்கியிருக்கும். இல்லையென்றால் செங்கல் அசையத் தொடங்கும் கணத்தில் வரும் பெரிய அளவீட்டைக் குறித்திருப்பீர்கள். சீரான வேகத்தில் நகரும்போது பார்த்ததைத்தான் எழுத வேண்டும்.

கடைசியாக ஒரு சொல் விஷயம். 2 மீட்டர் ஆழ நீச்சல் குளத்தின் அடியில் "நீரினால் ஏற்படும் அழுத்தம்" கேட்டால் 20,000 பாஸ்கல். "மொத்த அழுத்தம்" கேட்டால் வளிமண்டலத்தையும் கூட்டி ஏறத்தாழ 1,21,300 பாஸ்கல். குளத்தின் நீள அகலம் கொடுத்திருந்தால் இந்த இரண்டு விடைக்குமே அது தேவையில்லை. அடித்தளத்தின் மேல் செயல்படும் விசையைக் கேட்டால் மட்டும் பரப்பைக் கணக்கிட்டு, அழுத்தத்தோடு பெருக்குங்கள். அப்போது விடையின் அலகு நியூட்டன்.