கிக்ல ஒரு பியெசோ, பக்கத்துல ஒரு பேடு

ரெண்டு வருஷம் முன்னாடி வரைக்கும் எங்க ஆர்கெஸ்ட்ரால டிரம்ஸ்ல நான், ரிதம் பேடுல (குச்சியால தட்டினா பதிவு பண்ணி வச்ச சத்தம் வர்ற எலக்ட்ரானிக் பலகை) இன்னொரு அண்ணன், பக்கத்துல பக்கத்துல உக்காந்துதான் வாசிப்போம். அவரு துபாய்க்கு வேலைக்குப் போனதும் அந்த இடம் காலியாச்சு, வேற ஆள் அமையல, ஆனா பாட்டு லிஸ்ட் மட்டும் மாறல. எண்பதுகள்ல வந்த பாட்டுக்கு நிஜ ஹைஹாட் (காலால மூடித் திறக்கிற ஜோடி சிம்பல்), நிஜ ஸ்நேர் (அடியில கம்பி வச்ச, சுள்ளுனு கேக்குற டிரம்) வேணும். அடுத்த பாட்டே இப்ப வந்த குத்து, அதுக்கு 808 கிக்கும் (கிக்னா காலால பெடல மிதிச்சு அடிக்கிற பெரிய டிரம்) கைத்தட்டு சத்தமும் வேணும். 1980ல வந்த ரோலண்ட் டிஆர் 808 டிரம் மெஷினோட கிக் "டூம்ம்ம்"னு இழுத்துக்கிட்டே போகும், எங்கிட்ட இருக்கிற 22 இன்ச் கிக்க எப்படி டியூன் பண்ணாலும் அந்த இழுவை வராது. முழுசா எலக்ட்ரானிக் கிட்டுக்கு மாறிடலாம்னு சிலர் சொன்னாங்க, எனக்கு மனசு வரல. ஸ்நேர்ல மெதுவா தட்டுற சின்னச் சின்ன அடி, சிம்பல் ஓரத்துல குச்சி உரசுற சத்தம், இதெல்லாம் பேடுல வாசிச்சா எனக்குத் திருப்தியே இல்ல.

அதனால ரெண்டையும் சேர்த்தே கட்டினேன். கிக், ஸ்நேர், ஒரு ஃப்ளோர் டாம், ஹைஹாட், ரெண்டு சிம்பல், எல்லாம் நிஜம். இடது கைப்பக்கம் ஒன்பது பேடு இருக்கிற சாம்பிளிங் பேடு, அதுல நாம பதிவு பண்ணின சத்தத்த, அதாவது சாம்பிள, ஏத்தி வச்சுக்கலாம். கிக் தோல்ல ஒரு ட்ரிக்கர், அதோட வயரு பேடோட பின்னாடி இருக்கிற ட்ரிக்கர் இன்புட்ல போகுது. இந்த ட்ரிக்கருக்குள்ள இருக்கிறது ஒரு சின்ன பியெசோ தகடுதான், தோல் அதிர்ந்தா அது கொஞ்சம் வோல்டேஜ் கொடுக்கும், அத பாத்து அந்தப் பேடு சாம்பிள வாசிக்கும். முதல் ட்ரிக்கர நானே செஞ்சேன், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல 27 எம்எம் பியெசோ நாலு வாங்கிட்டு வந்து, ஃபோம் ஒட்டி, மோனோ ஜாக் சால்டர் பண்ணி. வீட்ல அருமையா வேலை செஞ்சுச்சு. மேடைக்குப் போனா ராத்திரி பனில டேப் விட்டுப்போச்சு, அப்புறம்தான் வளையத்துல கிளாம்ப் போட்டு இறுக்குற மாதிரி ஒண்ணு வாங்கினேன்.

உண்மையான பாடம் தேனி பக்கம் ஒரு கோயில் திருவிழாலதான். பைப் அடிச்சு பலகை போட்ட மேடை, மேடைக்கு முன்னாடியே ஒட்டி நாலு சப் பாக்ஸ் (ரொம்பக் கீழ் சத்தத்துக்கான பெரிய ஸ்பீக்கர்). முதல் குத்துப் பாட்டு ஆரம்பிச்சு கீபோர்டுல பேஸ் லைன் வந்துச்சு பாருங்க, நான் பெடல்ல காலே வைக்கல, கிக் தானா அடிக்குது. சப் அதிர்றதுல மேடை அதிருது, மேடையோட சேர்ந்து கிக் தோல் அதிருது, ட்ரிக்கர் அத அடின்னு நெனச்சு 808ஐ வாசிக்குது, அது மறுபடி சப்ல போய் மேடைய ஆட்டுது. சவுண்ட் சர்வீஸ் அண்ணன் மிக்ஸர்ல இருந்து கைய ஆட்டுறாரு, "தம்பி, காலை எடுப்பா!" "அண்ணே, கால் கீழதாண்ணே இருக்கு!" அந்தப் பாட்ட ட்ரிக்கர் வயர புடுங்கிட்டு வெறும் கிக்லயே முடிச்சேன்.

இடைவேளைல உக்காந்து த்ரெஷோல்ட ஏத்தினேன், அதாவது எவ்வளவு பலமா அடிச்சா மட்டும் சாம்பிள் வரணும்ங்கற அளவு. தானா அடிக்கிறது நின்னுச்சு, ஆனா மெதுவா மிதிச்சா சாம்பிளும் வரல. முதல்ல கஷ்டமா இருந்துச்சு. அப்புறம் வாசிச்சுப் பாத்தா அதுதான் சரின்னு பட்டுச்சு. மெல்லிசா மிதிக்கிறத கிக் மைக் பாத்துக்கட்டும், ஓங்கி மிதிக்கிறப்ப மட்டும் 808 அதுக்கு அடியில வந்து சேரட்டும். இன்னைக்கு வரைக்கும் என் செட்டு இப்படித்தான் இருக்கு, இதனாலதான் ஸ்நேர்ல ட்ரிக்கரே மாட்டல, கைத்தட்ட தனியா ஒரு பேடுல வச்சிருக்கேன்.

மாஸ்க் டைம்னு இன்னொண்ணு இருக்கு, பீட்டர், அதாவது பெடல்ல இருக்கிற அடிக்கிற கட்டை, தோல்ல பட்டுத் துள்ளும்போது ஒரே மிதி ரெண்டா கேக்காம இருக்கிறதுக்கு. நான் 40 மில்லிசெகண்ட் வச்சிருக்கேன். 150 பிபிஎம்ல (நிமிஷத்துக்கு 150 பீட்) ஒரு பீட்ட நாலா பிரிக்கிற பதினாறாவது நோட்டுக்கு நோட்டு 100 மில்லிசெகண்ட் இடைவெளி, அதனால வேகமான குத்துலயும் மிதி எதுவும் விட்டுப்போகாது.

கிக் மைக்கையும் சாம்பிளையும் சேர்த்துத் திறந்தா சத்தம் பெருசாகாம ஒல்லியாச்சுன்னா பயப்படாதீங்க. ஒண்ணு ஸ்பீக்கர் கோன முன்னாடி தள்ளும்போது இன்னொண்ணு பின்னாடி இழுக்குது, அவ்ளோதான், மிக்ஸர்ல கிக் சேனலோட ஃபேஸ் பட்டன அமுக்கிப் பாருங்க. எங்களுக்கு அந்த ஒரு பட்டன்ல வயித்துல வந்து இடிக்கிற அளவுக்கு மாறுச்சு. ஜெனரேட்டர்ல ஹம் ("உம்ம்"னு இரைச்சல்) வந்தா, பேடுக்கும் மிக்ஸருக்கும் நடுவுல மாட்டுற டிஐ பாக்ஸ்ல கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச போடுங்க, பெரும்பாலும் போயிடும்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலை சாம்பிள் எடுக்கிறதுதான். நெட்ல கெடைக்கிற தவில் சத்தம் ஒரே அடியத் திரும்பத் திரும்ப அடிச்சுக் காட்டும், உயிரே இருக்காது. எங்க ஊர் கோயில்ல வாசிக்கிற தவில்காரர் ஒருத்தர்கிட்ட கேட்டேன், மாமா மதியம் முழுக்க உக்காந்து வாசிச்சுக் கொடுத்தாரு. விரல்ல கூடு மாட்டிக்கிட்டு வலது பக்கத் தோலான வலந்தலைல தனியா, குச்சியால இடது பக்கத் தொப்பில தனியா, ஒவ்வொண்ணையும் மெதுவா, நடுத்தரமா, பலமா, ரொம்பப் பலமான்னு நாலு விதமா. அத வெட்டும்போது முன்னாடி இருக்கிற அமைதிய ஒட்ட வெட்டணும், 20 மில்லிசெகண்ட் விட்டா கூட குச்சி பட்டதுக்கப்புறம் சத்தம் வர்ற மாதிரி இருக்கும். மெஷின் லேட்டுன்னு நான் ஒரு மாசம் நெனச்சுக்கிட்டு இருந்தது கடைசில இந்த அமைதிதான்.

இந்த மாதிரி செட்டு பத்திப் பேசும்போதெல்லாம் எனக்கு டெஃப் லெப்பார்ட்ங்கற இங்கிலாந்து ராக் பேண்டோட டிரம்மர் ரிக் ஆலன் ஞாபகம் வருவாரு. 1984 டிசம்பர் 31ல கார் விபத்துல இடது கைய இழந்தவரு, அந்தக் கை வாசிச்சத இடது காலால எலக்ட்ரானிக் பெடல்ல வாசிக்கப் பழகி 1986ல மறுபடி மேடைக்கு வந்தாரு. நாங்க 808க்காக வயர் மாட்டுறோம், அவருக்கு வாசிக்கிறதுக்கே அதான் வழியா இருந்துச்சு.

இப்ப ஃப்ளோர் டாம்லயும் ஒரு ட்ரிக்கர் மாட்டி அதுல உறுமிய வைக்கணும்னு இருக்கேன். உறுமில குச்சிய தோல்ல தேய்ச்சு வர்ற அந்த முனகல ஒரே அடில எப்படிக் கொண்டு வர்றதுன்னு தெரியல. யாராச்சும் செஞ்சிருந்தா கீழ சொல்லுங்க, தவில் மாமாவோட மச்சான் உறுமி வாசிப்பாராம், அடுத்த வாரம் போய் பதிவு பண்ணலாம்னு இருக்கேன்.