எதை அழித்தது என்று சொல்லும் ரப்பர்

16-க்கு 16 கட்டத்தில் மொத்தமே 256 பிக்சல். ஒரு கண்ணுக்கு இரண்டு, வாய்க்கு மூன்று என்றுதான் கிடைக்கும். அதில் ஒன்று தவறிப்போனாலும் முகமே மாறிவிடும். மனிதர் வரையும்போது கை அழிக்கிறது, கண் உடனே பார்க்கிறது, தப்பென்று தெரிந்தால் விரல் கன்ட்ரோல்-இசட்டுக்குப் போகிறது. ஏஐ ஏஜென்டுக்கு இந்த மூன்றும் மூன்று தனி அழைப்புகள். நடுவில் அது கண்ணை மூடிக்கொண்டுதான் இருக்கிறது.

பிக்சல் ஆர்ட் வரையும் மென்பொருளான ஏஸ்ப்ரைட்டில் லுவா மொழியில் ஸ்கிரிப்ட் எழுதி, அதை எம்.சி.பி. (ஏஐயை வெளி டூல்களோடு இணைக்கும் பொது முறை) வழியாக ஏஜென்டின் கையில் கொடுப்பது இப்போது பலரும் செய்கிற ஏற்பாடு. அழிக்கும் டூல் அரைமணி வேலை போலத் தோன்றும்: எக்ஸ், ஒய் எண்களை வாங்கி, அந்தப் பிக்சலை டிரான்ஸ்பரன்ட் ஆக்கி, ‘முடிந்தது’ என்று பதில் அனுப்பினால் போதுமே என்று. சிக்கலே அந்த ‘முடிந்தது’ என்ற பதிலில்தான். எது நடந்தாலும், எதுவுமே நடக்காவிட்டாலும், அதே சொல் திரும்பி வரும். ஏஜென்ட் அதை நம்பி அடுத்த வேலைக்குப் போய்விடும்.

பதில் இப்படி இருந்தால் கதையே வேறு: ‘லேயர்: உடல். பிரேம்: 2. கேட்டது 9 பிக்சல், அழிந்தது 7, ஏற்கெனவே காலியாக இருந்தது 2. அழிந்தவற்றில் பேலட் எண் 4: ஐந்து பிக்சல், எண் 7: இரண்டு. எல்லை: (12,10) முதல் (14,12) வரை.’ பேலட் என்பது படத்தின் எண்ணிட்ட நிறப் பட்டியல். அதில் எண் 4 முடியின் பழுப்பு, எண் 7 தோல் நிறம் என்று வைத்துக்கொள்வோம். முடியை மட்டும் குறைக்க நினைத்த ஏஜென்ட், நெற்றியிலும் இரண்டு புள்ளி போய்விட்டதை இந்தப் பதிலிலேயே கண்டுபிடித்துவிடும். படத்தைத் திரும்ப எடுத்துப் பார்க்கவே வேண்டாம்.

இனி, தவறு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். முதல் இடம் செல், அதாவது ஒரு லேயரில் ஒரு பிரேமுக்கான படம். ஏஸ்ப்ரைட் ஒரு பிரேமில் வரைந்ததை முழு கேன்வாஸ் அளவுக்கு வைத்துக்கொள்வதில்லை. பெரும்பாலும் வரைந்த பகுதியை மட்டும் வெட்டி, அது கேன்வாஸில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்ற இடத்தையும் சேர்த்து வைக்கிறது. 32-க்கு 32 கேன்வாஸில் செல் (9,6)-இல் தொடங்கினால், ஏஜென்ட் சொல்லும் (12,10) அந்தச் செல்லின் படத்துக்குள் (3,4). இந்தக் கழித்தலை மறந்துவிட்டால் கேன்வாஸின் (21,16)-இல் ஓட்டை விழும். எண்கள் எல்லாம் சரியாகத் தெரியும், ஓட்டை மட்டும் இடுப்பில் இருக்கும். ஏஜென்டிடம் எப்போதும் கேன்வாஸ் எண்களையே வாங்குங்கள். கழித்தல் டூலின் பொறுப்பு. இன்னொன்று: பிக்சல் எண்ணிக்கை 0-இல் தொடங்குகிறது, லுவாவில் பிரேம் எண்ணிக்கை 1-இல். டூலின் விளக்கத்தில் இதை ஒரு வரியில் எழுதிவிட வேண்டும்.

அடுத்தது இன்டெக்ஸ்ட் படங்கள், அதாவது ஒவ்வொரு பிக்சலிலும் நிறத்துக்குப் பதில் பேலட் எண்ணை வைத்திருப்பவை. இவற்றில் டிரான்ஸ்பரன்ட் என்பது ஒரு பேலட் எண், வழக்கமாக 0. ஆனால் அது மாற்றக்கூடியது. ஸ்கிரிப்டில் கண்ணை மூடிக்கொண்டு 0 என்று எழுதினால், வேறு எண்ணை டிரான்ஸ்பரன்ட்டாக வைத்திருக்கும் கோப்பில் அழிப்பதற்குப் பதில் பேலட்டின் முதல் நிறத்தைப் பூசிவிடும். அது கறுப்பாக இருந்தால் கறுப்புப் பொட்டு. ஸ்ப்ரைட்டிடமே அந்த எண்ணைக் கேட்டு வாங்குவதுதான் முறை. பேக்கிரவுண்ட் லேயரிலும் இதே கதை: அங்கே வெறுமை என்பதே கிடையாது, ரப்பர் பின்னணி நிறத்தைத்தான் பூசும். டூல் அங்கே மௌனமாகப் பூசக் கூடாது; ‘இது பேக்கிரவுண்ட் லேயர், அழிக்க முடியாது’ என்று காரணத்தோடு நிற்க வேண்டும்.

ஆர்.ஜி.பி. படத்தில் ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம், ஆல்பா (எவ்வளவு மறைக்கும் என்ற அளவு) என நான்கு எண்கள். அதில் ஆல்பாவை மட்டும் 0 ஆக்கிவிட்டு நிறத்தை உள்ளே விட்டுவைக்காதீர்கள். நான்கு எண்களும் 0 ஆகட்டும். ஒளிந்திருக்கும் பச்சையோ வெள்ளையோ பிறகு வேறொரு டூல் ஆல்பாவை ஏற்றும்போது உயிர்த்தெழும். பாதி ஆல்பாவும் வேண்டாம். பிக்சல் ஆர்ட்டில் மென்மையான ரப்பர் பேலட்டில் இல்லாத நிறங்களைத்தான் உண்டாக்கும்.

பிரஷ் அளவு, வட்டம், சதுரம் என்று மனிதருக்கான வசதிகளை அப்படியே ஏஜென்டுக்குத் தரத் தேவையில்லை. அளவு 2 பிரஷுக்கு நடுப்புள்ளி எது என்ற குழப்பம்தான் மிஞ்சும். பிக்சல் பட்டியல், செவ்வகம், ஒரே நிறப் பரப்பு, இந்த மூன்று போதும். மூன்றாவதில்தான் கவனம் வேண்டும். ஒரு பிக்சல் தடிமன் அவுட்லைன் வளையும் இடங்களில் புள்ளிகள் மூலையால் மட்டுமே தொட்டுக்கொண்டிருக்கும். எட்டுத் திசையிலும் பரவவிட்டால் பின்னணியை அழிக்கும்போது அந்த மூலை வழியாகப் புகுந்து, அதே நிறத்தில் இருக்கும் உடலின் உட்புறத்தையும் தின்றுவிடும். நான்கு திசை மட்டும் என்றால் அவுட்லைன் வேலியாக நிற்கும். மறுபக்கம், இடுப்பில் கை வைத்த உருவத்தில் கைக்கும் உடலுக்கும் நடுவே அடைபட்ட பின்னணி அப்படியே தங்கிவிடும். அதற்கு இன்னொரு தொடக்கப் புள்ளி வேண்டும். எனவே இந்த வகைக்கு முன்னோட்டம் கட்டாயம்: எத்தனை பிக்சல் போகும், எந்த எல்லைக்குள் என்பதை முதலில் சொல்லி, பிறகுதான் அழிக்க வேண்டும்.

பார்ப்பதற்கு 32-க்கு 32 படத்தை 16 மடங்கு, நியரெஸ்ட் நெய்பர் முறையில் (நிறங்களைக் கலக்காமல் பிக்சலை அப்படியே பெரிதாக்குவது), 512-க்கு 512 ஆக்கித் தாருங்கள். டிரான்ஸ்பரன்ட் பகுதியைச் சதுரங்கக் கட்டமாகக் காட்டினால் மாடல் அந்தச் சாம்பல் கட்டங்களையே படத்தின் பகுதியாக எண்ணக்கூடும். பேலட்டில் இல்லாத ஒரே நிறம் நல்லது, மெஜந்தா பெரும்பாலும் பொருந்தும். சிறிய படத்துக்கு எழுத்துக் கட்டம் இன்னும் நம்பகமானது: நிறத்துக்கு ஓர் எழுத்து, காலிக்குப் புள்ளி. 64-க்கு 64 என்றால் 4,096 எழுத்து. அங்கே தேவையான பகுதியை மட்டும் கேட்கச் செய்யுங்கள்.

அன்டூ விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். ஸ்கிரிப்டில் எல்லா மாற்றங்களையும் ஒரே டிரான்ஸாக்ஷனாக, அதாவது ஒரே தொகுப்பாக, சுற்றினால் ஒரு அழைப்பு ஒரே அன்டூவாகச் சுருங்கும், உண்மைதான். ஆனால் ஒவ்வொரு அழைப்புக்கும் ஏஸ்ப்ரைட்டைப் பேட்ச் முறையில் (திரை இல்லாமல் ஸ்கிரிப்டை மட்டும் ஓட்டுவது) திறந்து மூடினால் அந்த வரலாறு நினைவகத்தோடு போய்விடும். அழிப்பதற்கு முன் கோப்பின் நகலை எடுத்து, அதன் பெயரைப் பதிலில் சேர்த்துவிடுங்கள்.

நகல் அதிகம் கைகொடுப்பது லிங்க்ட் செல்களில். நடக்கும் அனிமேஷனில் 1-ஆம் பிரேமும் 3-ஆம் பிரேமும் ஒரே படத்தைப் பகிர்ந்திருக்கலாம். ஒன்றில் காலை அழித்தால் மற்றதிலும் கால் போய்விடும். பதிலில் ‘பாதித்த பிரேம்கள்: 1, 3’ என்று வர வேண்டும், ஏஜென்ட் ஒன்றை மட்டும் கேட்டிருந்தால், இணைப்பைப் பிரித்த பிறகே அழிக்க வேண்டும்.