முனைவர் பட்டத்துக்கு எங்கே, எப்போது?

தருமபுரி மாவட்டத்தில் இறந்த வீரர்களுக்காக நடப்பட்ட நடுகற்களை ஆய்வு செய்வதென்று முடிவெடுத்த பிறகும், எங்கே சேர்வது என்ற கேள்வி எளிதில் தீரவில்லை. சேலம் பெரியார் பல்கலைக்கழகம் வீட்டிலிருந்தே பேருந்தில் போய்வரும் தொலைவில் இருப்பதால் களப்பணிக்கு வசதி; 1981இல் தொடங்கப்பட்ட தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலோ கல்வெட்டியலுக்கென்றே தனித்துறை இருக்கிறது. ‘கோவிசைய’ என்று வட்டெழுத்து எனும் பழைய தமிழ் எழுத்தில் தொடங்கும் வரியையே தட்டுத்தடுமாறிப் படிக்கும் எனக்கு, ஊரைவிட, பக்கத்தில் நின்று திருத்தும் ஆய்வு நெறியாளரே முக்கியம்.

அந்த நெறியாளரிடம் இடம் இருக்கிறதா என்பதை முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். 2022ஆம் ஆண்டு பல்கலைக்கழக மானியக்குழு (யுஜிசி) விதிமுறைப்படி ஒரு பேராசிரியர் ஒரே சமயத்தில் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் மேல் வழிகாட்ட முடியாது. பணி ஓய்வுக்கு மூன்றாண்டுக்கும் குறைவாக இருப்பவர் புதிதாக யாரையும் சேர்த்துக்கொள்ளவும் இயலாது. (புகழ்பெற்ற பெயர்கள் பலவும் இந்த இடத்தில்தான் பட்டியலிலிருந்து உதிர்கின்றன.)

முனைவர் சேர்க்கைக்குத் தகுதி தரும் தேசியத் தகுதித் தேர்வான நெட், வழக்கமாக ஜூன், டிசம்பர் என ஆண்டுக்கு இருமுறை நடக்கிறது. உதவித்தொகையின்றி முனைவர் சேர்க்கைக்கு மட்டும் தகுதி பெற்றால் அந்த மதிப்பெண் ஓராண்டுக்கே செல்லும் என்பதால், நெறியாளர் உறுதியாகும் முன் அவசரப்பட்டு எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. ‘காலாகாலத்தில் சேர்ந்துவிடு’ என்று வீட்டில் சொல்வதும் புரிகிறது. ஆகவே அதற்குள் நெறியாளரை உறுதிசெய்துகொண்டு டிசம்பரில் எழுதிவிட்டு, முதலில் தஞ்சைக்கும் பிறகு சேலத்துக்கும் விண்ணப்பிக்கலாம் என்றிருக்கிறேன்.