தோட்டுக்கு மேலே ஒரு ஊசி

காரைக்குடிப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருக்கிறேன். ராத்திரி டியூட்டியில் அதிகம் கேட்கும் புகார் மூட்டுவலி அல்ல, வாய் வறட்சி. "நாக்கு மேலண்ணத்தோட ஒட்டிக்கிடுது ஆத்தா" என்று 84 வயது ஆச்சி ஒருவர் தினமும் இரண்டு மணிக்குக் கூப்பிடுவார். தண்ணீர் குடித்தால் அரை மணியில் பாத்ரூம். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, ஈரம் பட்டால் வழுக்கும். எனக்கு அதுதான் பயம்.

நமக்கெல்லாம் நாளொன்றுக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை எச்சில் சுரக்கும். ஆச்சிக்கு எவ்வளவு என்று பார்க்க, கப்பில் ஐந்து நிமிடம் துப்பச் சொன்னோம். "எச்சியைப் பிடிச்சு அளக்குறதா? நல்லாருக்கு உங்க வைத்தியம்!" சொம்பு உதட்டில் படாமல் அண்ணாந்து குடித்தே வளர்ந்தவர். திரையை இழுத்துவிட்டு நான் திரும்பி நின்ற பிறகுதான் துப்பினார். நிமிடத்துக்கு 0.1 மில்லிக்குக் கீழே போனால் சுரப்பு குறைவு என்பது கணக்கு. கப்பின் அடியில் பிசுபிசுவென்று கொஞ்சம் நுரை, அவ்வளவுதான்.

வாரம் ஒருமுறை வரும் அக்குபங்சர் டாக்டர் காதில் ஊசி போட ஆரம்பித்தார். தலைகீழாகக் கிடக்கும் சிசுவைப்போல உடம்பு முழுவதும் காதில் பதிந்திருக்கிறது என்று 1950களில் சொன்னவர் பிரெஞ்சு மருத்துவர் பால் நோஜியே. புற்றுநோய்க் கதிர்வீச்சால் எச்சில் வற்றியவர்களுக்கு அமெரிக்காவில் காது ஊசி போட்டபோது, கூடவே சர்க்கரையில்லாத மிட்டாயும் சப்பக் கொடுத்தார்களாம். மிட்டாய்தான் வேலை செய்ததோ என்று எனக்கு ஒரு குறும்புச் சந்தேகம்.

வைரத்தோட்டைக் கழற்ற ஆச்சி சம்மதிக்கவில்லை. நல்லவேளை, ஊசி போடும் ஷென்மென், ஜீரோ என்ற இரண்டு புள்ளிகளும் தோடு போடும் இடத்துக்கு மேலேதான். ஊசி எடுத்ததும் அதே இடத்தில் விதை வைத்து பிளாஸ்டர் ஒட்டுவோம், விரலால் அமுக்கிக்கொள்ள. வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலில் அது போய்விடும். ஒரு வாரம் குளியல் இல்லை, நானும் எடுக்க மறந்தேன். கோடை வேறு. பிளாஸ்டருக்கு அடியில் புண்ணாகிவிட்டது. தப்பு என்னுடையதுதான்.

அந்தப் புண்ணைப் பார்க்க வந்த டாக்டர் மாத்திரைச் சீட்டையும் புரட்டினார். காலெரிச்சலுக்காக ராத்திரி தரும் அமிட்ரிப்டிலின் வாயை வறட்டும் என்று அளவைக் குறைத்தார். அடுத்த மாதம் ஆச்சி சீப்புச் சீடையைப் பாலில் ஊறவைத்துத் தின்றார். வாய் ஈரமானது ஊசியாலா, மாத்திரையைக் குறைத்ததாலா? மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2013இல் வெளியிட்ட தொகுப்பு, வாய் வறட்சியில் நிஜ ஊசிக்கும் போலி ஊசிக்கும் வித்தியாசம் தெரியவில்லை, ஆதாரமும் வலுவாக இல்லை என்றது. என் ஓட்டு மாத்திரைக்கு. ஆச்சியின் ஓட்டு ஊசிக்கு. ஊசி காதில் இருக்கும் இருபது நிமிடமும் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை கேட்கிறோமே, அதுவும் சேர்த்து.

ஊசியை நிறுத்தவில்லை. ஊசியோடு நாங்கள் தந்த மிட்டாய் மட்டும் பிடிக்காமல், உப்பு நெல்லி வற்றலுக்கு மாறிவிட்டார். பிபி டாக்டர் வரும் நாளில் அந்த டப்பா தலையணைக்கு அடியில் போய்விடும்.