விளக்குமாறு: எந்த விளக்கு, எந்த மாறு?

'தெளிவாக விளக்குமாறு கேட்டார்' என்று எழுதும்போது கையில் விளக்குமாறு வந்துவிடுகிறதே என்று சிரிப்பவர்கள் உண்டு. எழுத்து ஒன்றுதான், சொல் வேறு. கேட்டதில் இருப்பது விளக்கும் + ஆறு. ஆறு என்றால் விதம். முற்றம் கூட்டுவது விளக்கு + மாறு. உருபைச் சேர்த்தால் பிடிபடும்: விளக்குமாற்றால் கூட்டலாம், விளக்குமாற்றை எடுக்கலாம். மற்றது உருபு ஏற்காது.

விளங்கு என்றால் தானாக ஒளிர்வது, விளக்கு என்றால் ஒளிரச் செய்வது. பல் விளக்குவதும் குத்துவிளக்கைப் புளி போட்டு விளக்குவதும் அந்தப் பொருளில்தான். எரிகிற விளக்குக்கும் இதே வேர். மாறு என்பது மெல்லிய குச்சி, விளார். பஞ்சு எடுத்தபின் நிற்கும் தண்டைப் பருத்திமாறு என்பார்கள். ஆக, செய்யும் வேலையும் செய்த பொருளும் ஒரே பெயரில் இருக்கின்றன. துடைப்பம் என்ற சொல்லில் வேலை மட்டும்தான் உண்டு. அதனால் எனக்கு விளக்குமாறுதான் அழகு.

கோயிலில் இதற்குப் பெயர் அலகு, திருவலகு. புலர்வதற்கு முன் 'அலகிட்டு' மெழுகச் சொல்கிறார், 7ஆம் நூற்றாண்டு அப்பர்.

திருகோணமலை வீடுகளில் சீமெந்துத் தரைக்குத் தும்புத்தடி, அதாவது தேங்காய் நாரில் செய்த துடைப்பம்; முற்றத்துக்கு ஈர்க்கு விளக்குமாறு. மாற்றிப் பிடித்தால் வேலை கெடும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து மணல் முற்றத்தில் தும்பு மணலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். ஈர்க்கில் இடைவெளி இருப்பதால் மணல் கீழே நின்றுவிடும், சருகு மட்டும் வரும்.

கட்டுவதற்குத் தென்னோலையின் நடுப்பகுதி நல்லது. அங்கேதான் ஈர்க்கு நீளம். பச்சையாக இருக்கும்போதே சீவிவிட வேண்டும். காய்ந்த ஓலையில் கத்தி வழுக்கி ஈர்க்கு முறியும். ஆனால் பச்சையாகவே கட்டக்கூடாது. ஈரம் வற்றி ஈர்க்கு சுருங்கியதும் கயிறு தளர்ந்து ஒவ்வொன்றாக உருவி விழும். கடையில் வாங்கிய விளக்குமாறு சில நாளில் உதிர்வதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். இரண்டு மூன்று நாள் வெயிலில் காயவிட்டு, அடியைத் தரையில் தட்டிச் சமப்படுத்தி, கைக்குள் அடங்கும் பருமனில் இரண்டு இடத்தில் இறுக்கிக் கட்டுங்கள். பிறகும் தளர்ந்தால் அவிழ்க்க வேண்டாம். அடிப்பக்கம் நடுவில் கூரான தடி ஒன்றை அடித்து இறக்கினால் கட்டு இறுகிவிடும்.

மார்கழி மழையில் ஈர மணல் கூட்டியபின் நுனியை உதறி, படுக்கையாக வையுங்கள். நுனி கீழே இருக்கச் சாத்தினால் அப்படியே வளைந்து காய்ந்துவிடும். வளைந்த நுனி மணலைக் கிளறும், சருகை விட்டுவிடும்.